நோக நோக இழுத்தால் மூட்டு திரும்பாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பாரிசவாதம் (பக்கவாதம்) வந்த ஒருவர் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பியதும், பார்க்க வரும் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு புத்திமதி சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அவற்றில் அதிகம் கேட்பது, "நோகாமல் சரிவராது, நல்லா இழுத்து விடுங்கோ" என்பது. அதற்கு அடுத்தது, "பாவம், நோகுது எண்டால் அசையாமல் விடுங்கோ" என்பது. பெரும்பாலான நோயாளர்களுக்கு இந்த இரண்டில் எதைச் செய்தாலும் மூட்டின் அசைவு மெதுவாகத்தான் குறையும். ஆனால் ஒரு சிறு பகுதியினருக்கு, பாரிசவாதம் வந்து ஒன்றிரண்டு மாதங்களுக்குள் முழங்கையைச் சுற்றியோ இடுப்பு மூட்டைச் சுற்றியோ தசைக்குள் புதிதாக எலும்பு வளரத் தொடங்குகிறது. அந்த வீட்டில் இரண்டு புத்திமதியுமே கேடு செய்யும். வன்னியில் இதைப் பற்றித் தமிழில் விளக்கமாக எழுதப்பட்டது மிகக் குறைவு என்பதால், தங்கள் பத்திரிகையில் கொஞ்சம் இடம் கேட்டு இதை எழுதுகிறோம்.

வைத்தியர்கள் இதை ஹெற்றரோடொபிக் ஒஸிபிகேஷன் என்பார்கள். கிளினிக் கொப்பியில் எச்.ஓ. என்று இரண்டெழுத்தில் இருக்கும். இது சுண்ணாம்புப் படிவு அல்ல, மூட்டுத் தேய்வும் அல்ல. முதலில் மூட்டைச் சுற்றியுள்ள தசையும் இணைப்பிழையமும் வீங்கும். பிறகு அங்கே கசியிழையம், அதாவது குருத்தெலும்பு, உண்டாகும். அது கொஞ்சம் கொஞ்சமாக எலும்பாக மாறும். கருவில் குழந்தையின் கைகால் எலும்பு உருவாகும் அதே ஒழுங்குதான். முற்றிய பிறகு வெட்டிப் பார்த்தால் உள்ளே எலும்பு மச்சைகூட இருக்கும். மூட்டின் உட்பகுதி பெரும்பாலும் பழுதில்லாமலே இருக்கும். வெளியே ஒரு பாலம்போல எலும்பு குறுக்கே விழுந்து மூட்டைப் பூட்டிவிடுகிறது. தசைக்குள் இருக்கும் முதிராத கலங்கள், தசையாகவோ கொழுப்பாகவோ ஆகவேண்டியவை, எலும்பாக்கும் கலங்களாகத் திசைமாறுவதே இதற்கு அடிப்படை. உடலில் எலும்பை உண்டாக்கத் தூண்டும் பொருள் உண்டு என்பதை 1965இல் மார்ஷல் யூரிஸ்ட் என்ற எலும்பு வைத்தியர் தசைக்குள் எலும்புத்தூள் வைத்துக் காட்டினார். மூளையோ, முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாணோ காயப்பட்டபின் வரும் அழற்சி அந்தத் தூண்டலை ஏன் சில மூட்டுகளில் மட்டும் கட்டவிழ்த்து விடுகிறது என்பது இன்னும் முழுதாகத் துலங்கவில்லை.

இந்த நோய் போரோடு சேர்ந்துதான் மருத்துவ உலகின் கண்ணில் பெரிதாகப் பட்டது. முதலாம் உலகப் போரில் முள்ளந்தண்டு காயப்பட்டு இடுப்புக்குக் கீழே இயங்காமற்போன படையினரிடம் இதைப் பார்த்து, பிரான்சின் வைத்தியர்களான ஒகஸ்டா டெஜரின் குளும்ப்கேயும் செய்லியேயும் 1918இல் விரிவாக எழுதினார்கள். பிற்காலத்தில் ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் குண்டுவெடிப்பில் அவயவம் இழந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் வெட்டப்பட்ட கால், கை நுனியில் இப்படி எலும்பு வளர்ந்திருந்தது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. 2009இல் முடிந்த போரில் முள்ளந்தண்டு காயப்பட்டவர்களும் கால் இழந்தவர்களும் வன்னியின் ஒவ்வொரு பிரதேச செயலர் பிரிவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயது ஏறுகிறது, பிரஷரும் நீரிழிவும் வருகின்றன, பாரிசவாதமும் வரும். பழைய எலும்பு வளர்ச்சி ஏற்கெனவே இருக்கும் ஒருவருக்குப் பாரிசவாதம் வந்தால், பழையதும் புதியதும் குழம்பிவிடும். அவர்களிடம் பழைய எக்ஸ்ரே படம் ஒன்று வீட்டில் இருந்தால் அது பொன்னுக்குச் சமம். வீட்டு முகட்டிலோ பெட்டியடியிலோ கிடந்தாலும் எடுத்துக்கொண்டு போங்கள்.

எத்தனை பேருக்கு வருகிறது என்று கேட்டால், தலைக்காயத்துக்குப் பின் நூற்றுக்கு 10 முதல் 20 பேர் வரை, முண்ணாண் காயத்துக்குப் பின் அதைவிடவும் கூட என்று ஆய்வுகள் சொல்கின்றன. பாரிசவாதத்தில் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். இந்தக் குறைந்த எண்ணிக்கைதான் வில்லங்கம். அடிக்கடி வராத நோயை யாரும் தேடுவதில்லை. தேடாத நோய் எக்ஸ்ரேயில் தற்செயலாகத் தெரியும்போது மூட்டு முக்கால்வாசி பூட்டியிருக்கும்.

எல்லாருக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை. கடும் தசை இறுக்கம் உள்ளவர்கள், பல நாட்கள் நினைவின்றிக் கிடந்தவர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் சுவாசக் கருவியில் வைக்கப்பட்டவர்கள், மூளைக்குள் இரத்தம் கசிந்து மண்டையில் சத்திரசிகிச்சை செய்யப்பட்டவர்கள், படுக்கைப் புண் வந்தவர்கள், சிறுநீர்த்தொற்று அடிக்கடி வருகிறவர்கள் ஆகியோரை வீட்டார் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். பெரும்பாலும் எலும்பு வளர்வது பலவீனமான பக்கத்தில்தான். இடுப்பு, முழங்கை, தோள், முழங்கால் ஆகிய பெரிய மூட்டுகளே இலக்கு. கைவிரலிலும் கால்விரலிலும் வருவது மிக அரிது. விரல் இறுகினால் வேறு காரணம் தேடுங்கள்.

காலம் முக்கியம். பாரிசவாதம் வந்த நாளிலிருந்து மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரையிலான காலத்திலேயே பெரும்பாலும் தொடங்குகிறது. அதாவது நோயாளி வாட்டில் இருந்து வீட்டுக்கு வந்து, கிளினிக் திகதிக்குக் காத்திருக்கும் அதே காலம். யாருடைய கண்ணும் மூட்டின்மேல் இல்லாத காலமும் அதுதான்.

இனி, வீட்டில் உள்ளவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? பாரிசவாதத்துக்குப் பின் மூட்டு அசையாததற்கு மூன்று காரணங்கள் சாதாரணமாக உண்டு. மூன்றும் கைக்கு வேறுவேறாகத் தெரியும். முதலாவது தசை இறுக்கம். வேகமாக நீட்டினால் இடையில் பிடித்துக்கொள்ளும். மெல்ல மெல்லக் கொண்டுபோனால் விட்டுக் கொடுக்கும். நித்திரையில் தளரும், குளிரில், கோபத்தில், கொட்டாவி விடும்போது கூடும். இரண்டாவது, பல மாதம் அசையாததால் தசைநார் சுருங்கிப்போவது. இது மெல்ல இழுத்தாலும் நித்திரையிலும் அதே இடத்தில் நிற்கும்; ஆனால் அந்த எல்லையில் தோல்வார் இழுபடுவதுபோல ஒரு சிறு நெகிழ்வு இருக்கும். மூன்றாவதுதான் எலும்பு. அதில் எல்லை கல்லில் முட்டினதுபோல இருக்கும், நெகிழ்வே கிடையாது. ஆனால் இந்தக் கல் நிலை பிந்தி வருவது. முதல் வாரங்களில் எலும்பு இன்னும் மென்மையாக இருக்கும்போது தெரிவது வேறு: போன கிழமை வாய் வரைக்கும் வந்த கை இந்தக் கிழமை நெஞ்சோடு நிற்கும், மூட்டு மற்றப் பக்கத்தைவிடச் சூடாக இருக்கும், சுற்றி வீக்கம், சிலநேரம் சிவப்பு, தொட்டால் முகம் சுளிக்கும், மாலையில் இலேசாகக் காய்ச்சல் அடிக்கும். சில நாட்களுக்குள் அசைவு குறைவதும் சூடும் ஒன்றாக வந்தால், இறுக்கம் கூடிவிட்டது என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

பேச்சு இழந்த நோயாளியிடம் "நோகுதா அப்பா?" என்று கேட்டுப் பயனில்லை. புருவம் சுருங்குகிறதா, மூச்சைப் பிடிக்கிறாரா, நல்ல கை கட்டில் சட்டத்தை இறுகப் பற்றுகிறதா என்று பாருங்கள். இன்னொரு வகையினர் உண்டு. மூளையில் பட்ட இடத்தால் அந்தப் பக்கத்தில் உணர்வே குறைந்தவர்கள். இவர்களுக்கு நோகாது. நோகாததால் வீட்டார் எல்லை மீறி இழுப்பார்கள். எங்கள் பார்வையில் மிகவும் கவனம் தேவைப்படுகிறவர்கள் இவர்கள்தான்.

சூடான, வீங்கிய மூட்டைக் கண்டதும் எல்லாவற்றுக்கும் முன் எலும்பு வளர்ச்சியை நினைப்பதும் பிழை. அதே தோற்றத்தில் வரும் வேறு சில நோய்களில் ஒன்று உயிருக்கே ஆபத்தானது. காலில் ஆழமான நாளத்துக்குள் இரத்தம் உறைவதுதான் அது. தொடையோ கெண்டையோ ஒரு பக்கம் மட்டும் தடித்து, இறுகி, நோகத் தொடங்கினால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். அதோடு மூச்சு வாங்கினால், நெஞ்சு குத்தினால், 1990க்கு அழையுங்கள். ஓட்டோவுக்குக் காத்திருக்க வேண்டாம். அந்தக் காலை உருவாதீர்கள், எண்ணெய் பூசித் தேய்க்காதீர்கள். உறைந்த கட்டி கழன்று நுரையீரலுக்குப் போகலாம். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டொப்ளர் ஸ்கானில் நாளம் சுத்தம் என்று தெரிந்த பிறகே மற்றவற்றை யோசிக்கலாம். ஒரே காலில் இரண்டும் சேர்ந்து இருப்பதும் உண்டு. வளர்ந்த எலும்பு நாளத்தை நெரித்து இரத்த உறைவைக் கொண்டுவருவதும் உண்டு. மூட்டுக்குள் சீழ் பிடிப்பது, தோலுக்குக் கீழே கிருமித் தொற்று, யாருக்கும் தெரியாமல் கட்டிலிலிருந்து விழுந்து எலும்பு வெடித்திருப்பது, நீரிழிவுக்காரருக்கு வரும் தோள் இறுக்கம், கையும் விரல்களும் வீங்கிச் சிவக்கும் தோள் கை நோ ஆகியவையும் வைத்தியர் விலக்கிப் பார்க்க வேண்டியவை.

பரிசோதனைகளில் ஆட்கள் ஏமாறும் இடம் முதல் எக்ஸ்ரே. வீக்கம் தொடங்கி மூன்று நான்கு வாரத்துக்குள், சிலருக்கு ஆறு வாரம் வரை, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. ஏனென்றால் அங்கே இன்னும் கல்சியம் ஏறவில்லை. படம் நல்லாக இருக்கிறது என்று சொன்னதும் வீட்டார் நிம்மதியாகிப் பழையபடி இழுக்கத் தொடங்குகிறார்கள். அதனால் முதல் படம் சுத்தமாக வந்தாலும் மூன்று நான்கு வாரத்தில் இரண்டாவது படம் ஒன்று எடுக்கத் திகதி கேட்டு வாங்குங்கள். இரத்தத்தில் அல்கலைன் பொஸ்பற்றேஸ் என்ற நொதியத்தின் அளவு எக்ஸ்ரே மாறுவதற்கு முன்னரே ஏறத் தொடங்கும். ஆனால் ஈரல் நோயிலும் எலும்பு முறிந்து பொருந்தும்போதும் அது ஏறும். ஏறாததால் எலும்பு வளரவில்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு தடவை எடுத்த எண்ணைவிட, இரண்டு வார இடைவெளியில் எடுத்த இரண்டு எண்கள் கூடுதலாகப் பேசும். தேர்ந்த கை இருந்தால் அல்ட்ராசவுண்ட் ஸ்கானில் எக்ஸ்ரேக்கு முன்னரே பிடிக்கலாம். மிக முந்திக் காட்டுவது எலும்பு ஸ்கான். ஆனால் அது எல்லா வைத்தியசாலையிலும் உள்ள வசதி அல்ல, அதற்காக அலைந்து நாட்களை இழக்கவும் தேவையில்லை. சீ.ரீ. ஸ்கான் சத்திரசிகிச்சை யோசிக்கும் கட்டத்துக்கு உரியது.

இங்கே வன்னிக்கென்று ஒரு வார்த்தை. உடம்பில் ஷெல் துண்டோ சன்னமோ இருக்கிறவர்கள் அதை எக்ஸ்ரே எடுக்கிறவரிடமும் வைத்தியரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். எக்ஸ்ரேக்கும் சீ.ரீ.க்கும் அதனால் தடை இல்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்குள் போவதற்கு முன் மட்டும் கட்டாயம் சொல்ல வேண்டும். காந்த விசையில் இரும்புத் துண்டு நகரவோ சூடேறவோ கூடும். ஆறின வடு வெளியே தெரியாததால் கேட்பவருக்கும் தெரியாது. பேச முடியாத நோயாளிக்காக வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

எலும்பு வளர்கிறது என்று சந்தேகம் வந்த பிறகு வீட்டில் என்ன செய்வது? முதலில், பலத்தோடு இழுப்பதை நிறுத்துங்கள். முயல்களின் காலை அசையாமல் கட்டி வைத்து, இடையிடையே அவிழ்த்துப் பலவந்தமாக வளைத்தபோது தசைக்குள் எலும்பு உண்டானதைப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. மனிதரில் இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனாலும், சூடான மூட்டில் தசைநார்கள் நுண்ணிதாகக் கிழிவது அழற்சிக்கு விறகு போடுவதாகவே முடியும் என்பது எங்கள் திடமான எண்ணம். அதேவேளை, அடியோடு அசைக்காமல் விட்டால் வளரும் எலும்பு இரண்டு பக்கமும் தொட்டு ஒட்டிவிடும். ஆகவே அசைவு வேண்டும், மெல்லிய அசைவாக வேண்டும்.

முழங்கையை எடுத்துக்கொள்வோம். நோயாளி மல்லாந்து படுத்திருக்க, உங்கள் ஒரு கை அவருடைய முழங்கைக்குச் சற்று மேலே பின்பக்கத்தைத் தாங்கட்டும். மற்றக் கை மணிக்கட்டுக்குச் சற்றுக் கீழே தாங்கட்டும். உள்ளங்கை அவர் முகத்தைப் பார்க்க, மனதுக்குள் ஐந்து எண்ணும் வேகத்தில் மடக்குங்கள். முதல் தடை தெரியும் இடத்தில் நில்லுங்கள். அதைத் தாண்டித் தள்ள வேண்டாம். அந்த இடத்திலேயே 20 விநாடி வைத்திருந்து, வந்த வேகத்திலேயே திருப்பி நீட்டுங்கள். இப்படி ஐந்து முதல் எட்டுத் தடவை, காலையும் மாலையும். அடுத்த நாள் மூட்டு கூடுதலாகச் சூடாகவோ, செய்தபின் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நோவாகவோ இருந்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள். எண்ணிக்கையையும் தூரத்தையும் பாதியாகக் குறைத்து, இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) காட்டுங்கள். இடுப்புக்கும் இதே ஒழுங்குதான்: ஒரு கை முழங்காலுக்குக் கீழே, மற்றக் கை குதிகாலைத் தாங்கியபடி, முழங்காலை நெஞ்சுப் பக்கமாக மெல்லக் கொண்டுவருவது, பிறகு காலை நேராக வைத்துப் பக்கவாட்டில் விலக்குவது. பாதத்தை மட்டும் பிடித்து முழுக்காலையும் இழுக்காதீர்கள். வீட்டில் மிகவும் அடிக்கடி நடக்கும் காயம் பயிற்சியின்போது வருவதில்லை. சாறம் மாற்றும்போதும் பம்பர்ஸ் கட்டும்போதும் அவசரத்தில் காலை அகட்டுவதில்தான் வருகிறது. அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்கி இருத்துவதும், பலவீனமான கையைப் பிடித்து எழுப்புவதும் தோள்மூட்டைக் கழற்றும்.

அளவெடுப்பது எல்லாவற்றிலும் முக்கியம் என்று நினைக்கிறோம். அதற்குக் கோணமானி தேவையில்லை. தையல் அளவு நாடா போதும். முழங்கைக்கு, முடிந்த அளவு மடக்கிய நிலையில் மணிக்கட்டு ரேகையிலிருந்து தோள் எலும்பின் முனை வரை அளவுங்கள். நீட்டத்துக்கு, மேற்கை கட்டிலில் படிந்திருக்க, மணிக்கட்டின் பின்புறம் கட்டிலிலிருந்து எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்று பாருங்கள். முழங்காலுக்கு, குதிகாலைப் பிட்டத்துப் பக்கம் வழுக்கிக் கொண்டுவந்து இரண்டுக்கும் இடைவெளியை அளவுங்கள். இடுப்பு விலகலுக்கு, இரண்டு முழங்கால்களின் உட்பக்கங்களுக்கு இடையே அளவுங்கள். ஒரே ஆள், ஒரே கட்டில், ஒரே நேரம், கிழமைக்கு ஒரு தடவை. சுவரில் தொங்கும் கலண்டரில் அந்தத் திகதிக்கு நேரே எழுதிவிடுங்கள். ஒரு கிழமைக்குள் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் அசைவு குறைந்தால் கிளினிக் திகதி வரும்வரை இருக்க வேண்டாம். அந்தக் கலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டு போனால் வைத்தியருக்கு அரைவாசி வேலை முடிந்துவிடும்.

படுக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். பக்கமாகப் படுக்கும்போது முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணை. மல்லாந்து படுக்கும்போது முழங்காலுக்குக் கீழே நாள்முழுக்கத் தலையணை வைத்திருப்பது சுகமாகத் தெரிந்தாலும் இடுப்பையும் முழங்காலையும் மடங்கின நிலையிலேயே இறுக்கிவிடும். அதே நிலையில் எலும்பும் வளர்ந்தால் பிறகு கால் நீளாது.

இடுப்பில் எலும்பு வளர்ந்தவருக்கு இருப்பதே பிரச்சினை. சாதாரணக் கதிரையில் நேராக இருக்க இடுப்பு 90 பாகை மடங்க வேண்டும். 60 பாகைதான் மடங்கும் என்றால், நேர்முதுகுக் கதிரையில் வைத்தால் அவர் முன்னுக்கு வழுக்கிக்கொண்டே வருவார். வீட்டார் திரும்பத் திரும்பத் தூக்கி இருத்துவார்கள். அந்த உராய்வில் வால் எலும்புக்கு மேலே புண் வரும். முதுகுப்பக்கம் சாய்வான கதிரை கொடுங்கள். கொமோட் கதிரையின் இருக்கை உயரத்தைக் கூட்டுங்கள். குந்தியிருக்கும் மலசலகூடத்துக்கு இனி முயல வேண்டாம். ஒரு பக்க இடுப்பு மட்டும் மடங்காவிட்டால் பாரம் மற்றப் பக்கப் பிட்டத்தில் சேரும். தினமும் அந்தப் பக்கத் தோலைப் பார்க்க வேண்டும். காற்றடித்த ரியூபை வட்டமாக வைத்து அதில் இருத்துவது புண்ணைத் தடுக்காது, விளிம்பில் இரத்த ஓட்டத்தை மறித்து இன்னும் கெடுக்கும்.

முழங்கையில் வளர்ந்தால் வேறொன்றைக் கவனியுங்கள். சின்னவிரலிலும் அதற்கு அடுத்த விரலிலும் விறைப்போ எரிவோ புதிதாக வந்தால், முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பு நெரிபடுகிறது. பாரிசவாதத்தின் விறைப்புத்தானே என்று விட்டால் நரம்பு மீளாமற்போகலாம்.

மருந்து விசயத்தில் எங்களுக்குப் பெரிய கவலை இருக்கிறது. அழற்சியைத் தணிக்கும் மாத்திரைகள், குறிப்பாக இந்தோமெதசின், எலும்பு வளர்ச்சியைத் தடுக்கப் பயன்படுவது உண்மை. முண்ணாண் காயப்பட்டவர்களில் நாளுக்கு 75 மில்லிகிராம் வீதம் மூன்று வாரம் கொடுத்துப் பலன் கண்டிருக்கிறார்கள். ஆனால் பாரிசவாத நோயாளி பெரும்பாலும் இரத்தம் உறையாமல் தடுக்கும் அஸ்பிரின் அல்லது குளொப்பிடோகிறெல் எடுப்பவர். அதோடு அழற்சி மாத்திரையும் சேர்ந்தால் இரைப்பையில் இரத்தம் கசியலாம். அதே வகை மாத்திரையான இபுபுரோபனை அஸ்பிரினோடு எடுத்தால் அஸ்பிரினின் காப்பே குறைந்துவிடும். பிரஷர் கூடும், இன்னொரு பாரிசவாதத்துக்கு வழி திறக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகச் சிறுநீரகம். வவுனியா மாவட்டத்தின் சில கிராமங்களில் காரணம் துலங்காத நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பது யாவரும் அறிந்தது. வெய்யிலில் வயல் வேலை செய்து வளர்ந்த உடம்பில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் இரத்தப் பரிசோதனை பார்க்காமல், அதே வகை நோ மாத்திரையான டைக்குளோபெனக்கைப் பாமசியில் வாங்கிக் கொடுப்பது மூட்டைக் காப்பாற்றப் போய்ச் சிறுநீரகத்தை இழக்கும் வேலை. வைத்தியர் எழுதினால் மட்டும், எழுதிய நாட்களுக்கு மட்டும், சாப்பிட்ட பிறகு கொடுங்கள். மலம் தார்போலக் கறுத்தால் உடனே நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். தசை இறுக்கத்துக்குப் பக்லோபென் எழுதியிருந்தால் அதற்கு எதிர்மாறான எச்சரிக்கை: நித்திரை தூக்குகிறது என்று வீட்டில் நீங்களாகத் திடீரென நிறுத்தக்கூடாது, வலிப்பு வரலாம், குறைப்பதைப் படிப்படியாக வைத்தியர் செய்வார்.

சாப்பாடு பற்றிக் கேட்கிறார்கள். பால், நெத்தலி, முருங்கையிலை எல்லாவற்றையும் நிறுத்தினால் எலும்பு வளராதா என்று. வளர்வது நிற்காது. உணவில் உள்ள கல்சியத்தாலோ கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பாலோ இது வருவதில்லை. கல்சியத்தை நிறுத்தினால் ஏற்கெனவே பாரம் ஏறாமல் மெலிந்துகொண்டிருக்கும் பக்கவாதக் காலின் நல்ல எலும்புதான் இன்னும் மெலியும், சின்ன விழுகையிலும் உடையும்.

எண்ணெய் உருவுகிறவர்களையும் முறிவு நெரிவு பார்க்கும் பரியாரியார்களையும் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர்களில் பலர் நோயாளியின் வீட்டுக்கே போகிறார்கள். கைராசியும் அனுபவமும் உள்ளவர்கள். அவர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றே: மூட்டு சூடாக இருந்தால், போன கிழமையைவிட அசைவு குறைந்திருந்தால், அந்த மூட்டில் கை வைக்காமல் முதலில் எக்ஸ்ரேக்கு அனுப்புங்கள். சூடான மூட்டுக்கு ஒத்தடமும் வேண்டாம், இறுக்கக் கட்டும் பத்தும் வேண்டாம். சூடு தணிந்து, படத்தில் எலும்பு இல்லை என்று தெரிந்த பின் தோலுக்கு மேலே மெல்ல எண்ணெய் தடவுவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

சத்திரசிகிச்சை கடைசி வழி. எலும்பு வளர்ந்த எல்லாருக்கும் அது தேவையில்லை. இருக்கவும் கழுவவும் உடுக்கவும் முடிந்தால் அப்படியே விடுவதுதான் புத்தி. இருக்கவே முடியாதவருக்கு, புண் ஆறாதவருக்கு, நரம்பு நெரிபடுபவருக்குத்தான் வெட்டி எடுப்பார்கள். முன்பு எலும்பு முற்றட்டும் என்று ஒன்றரை வருடம்வரை காத்திருப்பார்கள். இப்போது அந்தக் கணக்கு அவ்வளவு இறுக்கமாகப் பார்க்கப்படுவதில்லை. இரத்தம் நிறையப் போகும் சிகிச்சை என்பதால் இரத்தம் முன்பே ஒழுங்கு செய்ய வேண்டும். மீண்டும் வளர்வதைத் தடுக்கச் சில வார மாத்திரையோ ஒரு தடவைக் கதிர்ச்சிகிச்சையோ கொடுப்பார்கள். மூளையின் ஆணை திரும்பாத கைக்கு எலும்பை எடுத்தாலும் கை தானாக அசையாது என்பதை முன்கூட்டியே விளங்கிக்கொள்ள வேண்டும். ஆனாலும் முழங்கை மடங்கிச் சட்டை போட முடிவதும், இடுப்பு மடங்கிக் கதிரையில் இருந்து முற்றத்தைப் பார்க்க முடிவதும் ஒரு மனிதருக்குச் சின்ன விசயம் அல்ல.

சுகாதாரத் திணைக்களத்தினரிடமும் எங்களுக்கு வேண்டுகோள் உண்டு. பாரிசவாத நோயாளியை வீட்டுக்கு விடும்போது டயக்னோசிஸ் கார்டில் பிரஷர், சீனி, மாத்திரை எல்லாம் எழுதப்படுகின்றன. நான்கு பெரிய மூட்டுகளின் அசைவு அளவு எழுதப்படுவதில்லை. அந்த நான்கு வரியும் இருந்தால், ஆறு வாரம் கழித்துப் பார்க்கும் இன்னொருவருக்கு எது புதிது என்று உடனே விளங்கும். அடுத்தது, மருத்துவக் கிளினிக்கும் இயன்மருத்துவமும் வேறுவேறு நாட்களில் இருப்பது. விசுவமடுவிலிருந்தோ நெடுங்கேணியிலிருந்தோ எழும்ப முடியாத ஒருவரை ஓட்டோவில் கிடத்திக் கொண்டுவரும் குடும்பம் மாதத்துக்கு இரண்டு தடவை அதைச் செய்யாது; ஒரு பயணம்தான் முடியும், அதில் மாத்திரைக்குத்தான் வருவார்கள். இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் மூட்டை ஒருவர் தொட்டுப் பார்ப்பது உறுதியாகும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலிருந்து வீடு திரும்பும் கடும் இறுக்கம் உள்ள நோயாளர்களை மாங்குளம் ஆதார வைத்தியசாலையின் மருத்துவப் புனர்வாழ்வுப் பிரிவுக்கு மூன்றாவது வாரத்திலேயே அனுப்பும் ஒழுங்கு ஒன்றும் வேண்டும். மூன்றாவது மாதத்தில் அனுப்புவதால் பலன் குறைவு. வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர்களின் தலையில் இன்னொரு வேலையைக் கட்டச் சொல்லவில்லை. ஆனால் ஒரு கர்ப்பிணியைப் பார்க்கப் போன வீட்டில் பாரிசவாதக்காரர் ஒருவர் கட்டிலில் கிடந்தால், இரண்டு முழங்கையையும் புறங்கையால் தொட்டு ஒன்று சூடா என்று பார்க்க அரை நிமிடம் போதும். சூடு என்றால் அன்றைக்கே எக்ஸ்ரேக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுக்க யாரிடம் அனுப்புவது என்பதை அந்தந்தச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லி வைக்கட்டும்.

இப்படிக்கு,
பாரிசவாத, முள்ளந்தண்டு நோயாளர்களோடு பணிபுரியும்
இயன்மருத்துவர்கள், தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் சிலர்,
வன்னி.